மெஷின் மணியும் உலக மணியும்

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா காலையில் வந்தார். லாரியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். குளித்தார், டீ குடித்தார், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். நானும் முட்டை நோட்டோடு பின்னால் போனேன்.

குஞ்சு பொரிக்கிற மெஷினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குள் இடப்பக்கம் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு, வலப்பக்கம் கடிகாரம். திருகை யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அவிந்துபோகும் என்று அப்பா அதைப் பூட்டியே வைத்திருப்பார். சாவி அவரோடு ஊர் ஊராகச் சுற்றும். கடிகாரம் மெஷினின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் நிற்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து நடக்கும். வாரம் முழுக்கப் பின்தங்கியதை ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் தள்ளி வைப்பார்.

"எவ்வளவு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு."

"போன வாரத்துக்கு தேவலை."

நோட்டில் எழுதினேன்: அப்பா தள்ளியது, 41 நிமிடம்.

எங்கள் வீட்டில் அதனால் இரண்டு மணி உண்டு. மெஷின் மணி, உலக மணி. முட்டையைத் திருப்புவது, தண்ணீர்த் தட்டை நிரப்புவது, சாப்பிடுவது, எல்லாம் மெஷின் மணிதான். அக்கா மட்டும் கைக்கடிகாரம் கட்டுவாள். மெஷின் மணியை நம்பி ஒரு தடவை ஷிப்ட் பஸ்ஸை விட்டவள் அவள். "இது வீடு இல்ல, தனி நாடு" என்பாள்.

இன்று புது அடை வைத்தோம். அறுநூற்றிருபது முட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம், பென்சிலால். எதைத் திருப்பினேன், எதைத் திருப்பவில்லை என்று குழம்பாமல் இருக்க. மார்ச் இரண்டாம் தேதி குஞ்சு வரும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கரண்ட் போனது 6.52, மெஷின் மணி. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்கா வேலை முடிந்து நேராகப் பின்னறைக்குத்தான் வருவாள். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் மெஷினின் பக்கவாட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் வேலை செய்யும் இடம் அவ்வளவு குளிர்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஜன்னலே இல்லாத கட்டடம். டேட்டா சென்டர். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வெள்ளை டப்பா. எங்கெங்கோ இருப்பவர்கள் எடுக்கும் போட்டோ, அனுப்பும் பணம், கேட்கும் கேள்வி எல்லாம் அதற்குள் இருக்கும் மெஷின்களில் ஓடுகிறதாம். அவை சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் அக்கா இருக்கிறாள். "நீ சூட்டுக்குக் காவல், நான் குளிருக்குக் காவல். ஒரே குடும்பத்துல ரெண்டு வாட்ச்மேன்" என்பாள்.

இன்று கையை வைத்துக்கொண்டே சொன்னாள். இரண்டாவது டப்பா கட்டப்போகிறார்கள். மார்ச் மாத முடிவுக்குள் கரண்டுக்கு அனுமதி வந்துவிட்டால் ஒப்பந்தத்தில் இருக்கிற பதினாலு பேருக்கும் வேலை நிரந்தரம்.

நான் அவளைப் பார்த்தேன். நான் கேட்காமலே பதில் சொல்வது அவளுக்குப் பழக்கம்.

"வரலைன்னா ஏப்ரலோட ஒப்பந்தம் முடியுது. கம்பெனியோட இன்னொரு இடத்துக்குப் போகச் சொல்வாங்க. ரயில்ல ஒன்றரை நாள்." பிறகு என் தலையில் தட்டினாள். "வந்துடும்டி கூமுட்டை. எல்லாம் பேசி முடிச்சாச்சாம்."

அவள் போனபின் ஒரே தட்டை இரண்டு முறை திருப்பிவிட்டேன். வட்டம் மேலே வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கடையில் எனக்கு வேண்டியதை அக்கா கேட்பாள். போன் அடித்தால் அக்கா எடுப்பாள். யாராவது என் பெயரைக் கேட்டால்கூட அக்காதான் சொல்வாள். எனக்குப் பேச வரும், வீட்டுக்குள் வரும். வெளியே ஒரு முகம் என்னையே பார்த்தால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னார் டீச்சர். ஒரு பீரியட் முழுக்க நின்றேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. மறுநாள் நான் போகவில்லை. "மெஷினுக்கு ஓர் ஆள் வேணும், இவ இருக்கட்டும்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அது எனக்காகச் சொன்ன பொய் என்று இப்போது தெரிகிறது. அதற்கு முன் மெஷினை அம்மாவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழாம் நாள். அறையை இருட்டாக்கி ஒவ்வொரு முட்டையையும் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தோம். உயிர் பிடித்ததில் சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி விரிந்திருக்கும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். பிடிக்காதது வெறும் வெளிச்சமாக இருக்கும். நாற்பத்து மூன்றை எடுத்துவிட்டோம். ஐந்நூற்று எழுபத்தேழு உயிர்.

"எண்ணாத. கண்ணு படும்" என்றாள் அம்மா. எண்ணாமல் எப்படி நோட்டு எழுதுவது?

அப்பா தள்ளியது, 38 நிமிடம்.

பிப்ரவரி 19, புதன்

போனது 6.41.

போனால் ஐந்தாறு நிமிடத்தில் வந்துவிடும். இன்று வரவில்லை. சின்ன பேட்டரி விசிறியை மட்டும்தான் ஓட்டும், சூட்டுக்குப் போதாது. கதவைத் திறக்கக் கூடாது. மெஷின்மேல் போர்வை, அதன்மேல் அக்காவின் கோட்டு, அப்பாவின் பழைய கம்பளி. அம்மா வெந்நீர் போட்டுப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். சுற்றிலும் அடுக்கினேன். முப்பத்தேழரை. முப்பத்தாறு. முப்பத்து நாலு. பிறகு சூடு காட்டும் முள்ளைப் பார்க்க மனம் வரவில்லை. மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் உடம்பில் இருப்பதும் முப்பத்தேழுதானே.

நடுவில் அக்கா அம்மாவின் போனில் கூப்பிட்டாள். "அங்க கரண்ட் இருக்கா?"

"இல்லடி."

"இங்க ஜெனரேட்டர் எதுவும் ஓடலையே. எல்லாம் நல்லாத்தானே ஓடுது." பிறகு, "அவ என்ன பண்றா?"

"மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

அக்கா போனை வைத்துவிட்டாளாம்.

பிப்ரவரி 20, வியாழன்

முட்டை நோட்டில் சூட்டை எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். எழுதாமல் விட்டது இதுதான் முதல் தடவை. எழுதியிருக்கணும். எவ்வளவு குறைஞ்சா என்ன, எழுதத்தானே நான் இருக்கேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பா தள்ளியது, 2 மணி 12 நிமிடம். பெரிய முள் இரண்டு சுற்றுச் சுற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 24, திங்கள்

மின்சார அலுவலகத்தின் திட்டப் பிரிவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பெண். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, கையில் பெரிய கறுப்புக் குடை. தெருநாய்களுக்காக என்று பிறகு தெரிந்தது. குடை மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

வீடு வீடாக வந்து அம்மாவிடமும் கேட்டார். "சாயங்காலம் கரண்ட் போகுதுன்னு எல்லாரும் சொல்றீங்க. என்னிக்கு, எத்தனை மணிக்குன்னு யாருக்கும் தெரியலை. இந்தத் தெருவுல போறது வர்றதைப் பதிவு பண்ற மீட்டர் இல்லை. டப்பாவுக்கு இருக்கு. அது என்னிக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு இழுத்ததுன்னு என்கிட்ட இருக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தாதான் என்னால பேச முடியும். யாராவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். முட்டை நோட்டு என் மடியில்தான் இருந்தது. மொத்தம் நான்கு நோட்டு. டப்பா வருவதற்கு முன்னாலிருந்து இருக்கிறது.

"எதுக்கு மேடம்?" என்றாள் அம்மா.

"ரெண்டாவது கட்டடத்துக்கு அனுமதி கேட்டிருக்காங்க. தர்றதா, இப்போதைக்கு நிறுத்தறதான்னு அடுத்த மாசம் விசாரணை."

நோட்டைக் கவிழ்த்து வைத்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மாவும் காட்டிக்கொடுக்கவில்லை. குடை மேடம் டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல மாதிரி. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

பதினெட்டாம் நாள். முட்டைகளைத் திருப்புகிற தட்டிலிருந்து பொரிக்கிற தட்டுக்கு மாற்றியாயிற்று. இனிமேல் திருப்ப வேண்டாம். நிறைய முட்டை கனம் இல்லாமல் இருந்தது. கைக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இருநூற்று முப்பத்தொன்று.

ஐந்நூற்று எழுபத்தேழில் இருநூற்று முப்பத்தொன்று. மீதி அசையவே இல்லை. வந்ததிலும் சில சரியாக நிற்கவில்லை. குஞ்சு கேட்டிருந்தவர்களுக்கு அம்மா ஒவ்வொருவராகப் போன் போட்டு, அடுத்த மாதம் என்று சொன்னாள். ஒருவரிடம்கூடக் குரல் உடையவில்லை. பேசி முடித்துவிட்டு விளக்குமாறை எடுத்து, பெருக்கின அறையையே மறுபடி பெருக்கினாள்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்க்க வேண்டும். எத்தனையாவது நாளில் நின்றது என்று பார்த்தால்தான் காரணம் தெரியும். எனக்குப் பிடிக்காத வேலை. அக்காவுக்கு இன்று விடுமுறை. அவளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உடைத்தேன், அவள் எழுதினாள். பத்து. பத்து. பதினொன்று. பத்து. இறகு முளைக்கத் தொடங்கிய அளவு. இருபது முட்டைக்கு மேல் ஆனதும் அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"பத்தாம் நாள்னா எந்தத் தேதி?"

நோட்டை எடுத்து அவளே எண்ணினாள். அடை வைத்தது ஒன்பது. பத்தொன்பதாம் தேதி, போனது 6.41. பக்கத்தில் நான் போட்ட கோடு.

"அன்னிக்கு டப்பாவுல ஏதோ புது மெஷின் வரிசையை ஏத்தினாங்க" என்றாள் மெதுவாக. "நான்தான் குளிர் போதுமான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினாள். "இவ்வளவும் எழுதி வெச்சிருக்க. அந்த மேடம் தெருவுக்கு வந்தாங்கன்னு சொன்னாங்களே. இதை ஏன் குடுக்கல?"

கையெல்லாம் முட்டை. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நீ போயிடுவ" என்றேன்.

அக்கா ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மீதி முட்டைகளையும் உடைத்து முடித்தோம்.

அப்பா தள்ளியது, 36.

மார்ச் 3, திங்கள்

புது அடை வைத்தோம். அறுநூறு. சும்மா இருக்க முடியாதே.

ஷிப்டுக்குப் போகும்முன் அக்கா, குடை மேடத்துக்குத் தானே போன் செய்துவிட்டாள். அம்மா தடுத்தாள். "உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்காதடி."

"என் வேலை மெஷினைக் குளிர வெக்கறது. குஞ்சைக் குளிர வெக்கறது இல்ல" என்றாள் அக்கா.

எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

குடை மேடம் வந்தார். நான்கு நோட்டையும் மேசையில் பரப்பி, அவர் கொண்டுவந்த தாள்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். டப்பா ஒவ்வொரு சாயங்காலமும் திடீரென்று அதிகமாக இழுத்த நேரம் அந்தத் தாளில் இருக்கிறது. எங்கள் தெருவில் போன நேரம் நோட்டில் இருக்கிறது. அக்கா ஷிப்டில் இருந்தாள். அம்மா குஞ்சுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மேடத்தின் முகம் மலர்ந்தது. "திங்கள் 6.50, இங்கேயும் 6.50. பிரமாதம்." பிறகு செவ்வாய். பிறகு புதன். மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"வெள்ளிக்கிழமை வந்தா நோட்டுல இருபத்தஞ்சு நிமிஷம் முந்தியே போனதா இருக்கே. சனிக்கிழமை அரைமணி. எல்லா வாரமும் இப்படித்தான் இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "திட்டறேன்னு நினைக்காதம்மா. விசாரணையில இதைக் குடுத்தா, அந்தப் பொண்ணு ஞாபகம் வந்தப்ப எழுதியிருக்குன்னு சொல்லிடுவாங்க. ஒரு நேரம் தப்புன்னா எல்லாமே தப்புன்னு ஆயிடும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது மெஷின் மணி. இந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், வெளியாளுக்குத் தெரியாது என்பதே இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். கதவு சாத்திக்கொண்டது. மேடம் நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினார். குடையை எடுத்தார்.

சொல்லு, சொல்லு, சொல்லேன்டி. ஒன்றும் வரவில்லை.

மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டே பின்னறைக்குப் போனேன். மெஷினின் கண்ணாடிக்குள் இருக்கும் கடிகாரத்தைக் காட்டினேன். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சுவரிலிருந்த பெரிய சுவிட்சை அணைத்தேன்.

உள்ளே அறுநூறு முட்டை. மூன்றாம் நாள். இத்தனை வருடத்தில் அந்தச் சுவிட்சை நான் தொட்டதே இல்லை. அம்மா வாசலில் வந்து நின்று, "அடியே" என்றாள்.

நொடி முள் நின்றுவிட்டது. மேடத்தின் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். அது ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு நிமிடம் முழுக்க இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டேன். நொடி முள் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. ஒரு நிமிடம் பின்னால்.

நோட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைக் காட்டினேன். அப்பா தள்ளியது, 41. அப்பா தள்ளியது, 38. அப்பா தள்ளியது, 2 மணி 12.

மேடம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். குடையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வாரத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு தடவை போனதற்கும் பிறகு நேரம் எவ்வளவு பின்தங்குகிறது, ஞாயிறு அப்பா எவ்வளவு தள்ளினார். கூட்டிப் பார்த்தால் சரியாக இருந்தது.

"எப்பப் போச்சுன்னுதான் கேட்டேன்" என்றார். "எவ்வளவு நேரம் போச்சுங்கறதும் இதுல இருக்கு." முதல் நோட்டை எடுத்தார். டப்பா வருவதற்கு முந்தைய வாரங்கள். அப்பா தள்ளியது, 3. அப்பா தள்ளியது, 2. அப்பா தள்ளியது, 4.

அம்மாவிடம் கேட்டார்: "பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"ஒன்பதாவது" என்று நான் சொன்னேன்.

சொன்னது நான்தான். பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

குடை மேடம் மறுபடி வந்தார். அக்காவும் இருந்தாள். மெஷினில் கையை வைத்துக்கொண்டு, ஸ்வெட்டரோடு.

மேடம் சொன்னது எனக்குப் புரிந்த அளவில்: யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. டப்பா மூன்று வருடத்தில் இவ்வளவு வளரும் என்று போட்ட கணக்கை அது ஏழே மாதத்தில் தாண்டிவிட்டது. கட்டடம் எழுப்ப ஒரு வருடம் போதும். கரண்ட் லைன் போட மூன்று வருடம் வேண்டும். ஊருக்கு வெளியே வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகைகள் ஏக்கர் கணக்கில் இருக்கின்றன. "மத்தியானம் வாங்க ஆள் இல்லாம அதுல பாதியை நிறுத்தி வைக்கிறோம். சாயங்காலம் வெயில் போனதும் எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. வீட்டுல விளக்கு, டப்பாவுல அன்னன்னிக்குக் கணக்கை நகல் எடுக்கற வேலை. அப்போ நிலக்கரியை அள்ளிப் போட்டு எரிக்கறோம். மத்தியானம் கொட்டறோம், சாயங்காலம் பிச்சை எடுக்கறோம்."

"அப்ப நகலை மத்தியானம் எடுக்க வேண்டியதுதானே" என்றாள் அம்மா.

"அதைத்தான் நானும் எழுதி எழுதிப் பார்க்கறேன். கம்ப்யூட்டர் வேலைன்னா எல்லாமே அவசரம்னு மேல இருக்கறவங்க நினைக்கறாங்க."

நான் எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து மேடத்தின் முன் வைத்தேன். அடுத்த அடைக்காகச் சேர்த்து வைப்பவை. ஈரச் சாக்கின் குளிர்ச்சியில் ஒரு வாரம் வரை இருக்கும்.

"இது காத்திருக்கும்" என்றேன். பிறகு மெஷினைக் காட்டினேன். "அது காத்திருக்காது."

குரல் எலி மாதிரிதான் வந்தது. ஆனால் வந்தது. மேடம் என்னையே பார்த்தார். பிறகு அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார், நான் சொன்ன அதே சொற்களில்.

அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "குளிரும் காத்திருக்கும் மேடம்" என்றாள். "எங்க பின்பக்கம் ரெண்டு பெரிய தொட்டி சும்மா கிடக்கு. மத்தியானமே தண்ணியைக் குளிர வெச்சு அதுல நிரப்பிட்டா சாயங்காலம் மூணு மணி நேரம் தாங்கும். நான் ஒரு தடவை சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். உன் வேலையைப் பாருன்னாரு."

"இதை விசாரணையில சொல்வீங்களா?"

அம்மா தட்டிலிருந்த முட்டைகளை அடுக்கினாள், ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றை.

"சொல்றேன்" என்றாள் அக்கா.

மார்ச் 21, வெள்ளி

விசாரணை. நான் கடைசி வரிசையில், அம்மாவின் பின்னால்.

கம்பெனிக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. அவருக்கும் வியர்த்தது. மேடம் என் நோட்டுகளை மேசைமேல் வைத்தார். அட்டையில் முட்டைக் கறை. துடைத்துக் கொடுத்திருக்கலாம்.

"இதுல எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு யாரு சொல்றது?" என்று டைக்காரர் கேட்டபோது அக்கா எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கும் பயம் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது. சொல்ல வேண்டியதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முடிவு எழுத்தில் வருமாம்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாம் தேதி வைத்த அடை இன்று பொரித்தது. நானூற்றுத் தொண்ணூறு.

மார்ச் 29, சனி

வந்துவிட்டது. இரண்டாவது டப்பா உண்டு, ஆனால் இப்போது இல்லை. கால்வாயோரமாகப் பாதியில் நிற்கும் புது லைன் முடிய வேண்டும், டப்பா தன் சொந்தச் செலவில் பெரிய பேட்டரி வைக்க வேண்டும். ஒன்றரை வருடம். அதுவரை சாயங்காலத்தில் அது இவ்வளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. நகல் எடுப்பது, தண்ணீர் குளிர வைப்பது எல்லாம் மத்தியானம், வெயில் கரண்டில்.

தெருவில் சந்தோஷம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அக்காவுக்குத் தாள் வந்துவிட்டது. இன்னொரு இடம். தண்டனை இல்லை, பதினாலு பேருக்கும் அதே தாள்தான். இரண்டாவது டப்பா திறக்கும்போது திரும்ப வரலாம் என்று எழுதியிருக்கிறது.

நான்தானே. அந்தச் சுவிட்சை அணைத்தது நான்தானே.

ஏப்ரல் 25, வெள்ளி

அக்காவின் பெட்டிக்கு உடுப்புகளை மடித்துக் கொடுத்தேன். ஸ்வெட்டரை மட்டும் கொடுக்காமல் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒளிக்கவும் தெரியவில்லை எனக்கு, கை வெளியே தெரிந்தது.

"அங்க குளிர்ல செத்தா உனக்குத்தான் பாவம்" என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க பாரு. உன்னால நான் போகல. நான் வாயைத் திறந்தேன், நான் போறேன். என் பங்கையும் நீயே எடுத்துக்காத."

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டினா போன்ல தெரியாது. தினமும் கூப்பிடுவேன், நீதான் எடுக்கணும். அம்மா எடுத்தா வெச்சுடுவேன்."

ஒன்றரை வருடம் என்றால் எனக்குப் பிடிபடவில்லை. அடையாகக் கணக்குப் போட்டேன். இருபத்தொரு நாள் ஓர் அடை. இருபத்தாறு அடை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றுப் போய்விட்டாள். போன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தேன். ஒன்றும் பேச வரவில்லை. அவளும் பேசவில்லை. ரயில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "எடுத்துட்ட இல்ல, அது போதும்" என்றாள்.

மே 9, வெள்ளி

குஞ்சு கேட்டு யாரோ கூப்பிட்டார்கள். அக்கா என்று நினைத்து எடுத்துவிட்டேன். "நூறு இருக்குமா?" என்றார். "இருக்கும், அடுத்த புதன்" என்றேன். வைத்தபின் நோட்டில் எழுதினேன்: நூறு, புதன்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வந்தார். குளித்தார், டீ குடித்தார், சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கண்ணாடிக் கதவைத் திறந்தார். போனில் மணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அப்பா முள்ளின்மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று சட்டை நுனியால் கடிகாரத்தைத் துடைத்தார். கதவைச் சாத்தினார். பூட்டினார். போகும்போது கொத்திலிருந்து அந்தச் சாவியை மட்டும் கழற்றி என் நோட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா தள்ளியது, 0.

இதுவரை அந்தக் கட்டத்தில் நான் எழுதாத எண். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்து நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் பதறிப்போய். நான் கூப்பிட்டதே இல்லையே.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பூஜ்யம்."

அந்தப் பக்கம் விசிறிகளின் இரைச்சல். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்கூட இல்லையா?"

"இல்ல. இந்த வாரம் சாயங்காலம் ஒரு தடவைகூடப் போகல. விளக்கு மங்கக்கூட இல்ல. போன அடையில ஐநூத்தி அறுபது வந்துச்சு. ஒரு குஞ்சு ஓட்டை உடைச்சதும் தட்டைத் தாண்டிக் குதிச்சுடுச்சு, அம்மா அதுக்கு உன் பேரை வெச்சிருக்கா. நீ ஸ்வெட்டர் போட்டிருக்கியா? கை குளிருதா?"

"ஏய் கூமுட்டை" என்றாள் அக்கா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கொஞ்சம் என்னையும் பேச விடு."

இருபத்தாறில் இரண்டு அடை முடிந்தது. மூன்றாவது உள்ளே இருக்கிறது.